கூடமே கோணலாக இருந்தால்? – கிட்டார் வாங்கப் போய்ப் படித்த வியாபாரப் பாடம்



வரி, வாடகை, லைசென்ஸ், லாரி சத்தம் என்று எழுதி வருகிற நமது இதழில், "ஜவ்வரிசி மொத்த வியாபாரிக்குக் கிட்டாரைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எனக்குப் பாட்டும் தெரியாது, சுருதியும் தெரியாது. சரக்குத் தெரியும். மூட்டையின் வாயைப் பார்த்து விலை சொல்லாதே, குத்தூசி போட்டு அடியிலிருந்து எடுத்துப் பார் என்று செவ்வாய்பேட்டையில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர்களின் பாடம் தெரியும். அந்தப் பாடத்தை ஒரு கிட்டார் விஷயத்தில் நான் மறந்தேன். அதற்கு விலை கொடுத்தவள் என் பேத்தி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முடிவு வரை படித்தால், இது கிட்டார் கடைக்காரருக்கு மட்டும் எழுதியதல்ல என்பது விளங்கும்.

நாமக்கல்லில் இருக்கும் என் மகளின் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. 2023 கோடை விடுமுறையில் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். விலை ரூ.2,800. அட்டைப் பெட்டியின் மேல் பளபளவென்று படம். உடன் பை, தோள் பெல்ட், கூடுதல் தந்தி, மீட்டுகிற வில்லைகள் என்று ஏழெட்டுச் சாமான் இலவசம். "கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க தம்பி" என்றேன். "பிரிச்சா அடுத்த ஆளு வாங்க மாட்டாருங்க. எல்லாம் கம்பெனி பேக்கிங்" என்றார் கடைப் பையன். நானும் வியாபாரிதானே, அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. பேசாமல் பணத்தைக் கட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குத்தூசி போடாமல் வாங்கிய சரக்கு அது.

முதல் மாதம் தினமும் வாசித்தாள். விரல் நுனி சிவந்து, தோல் உரிந்தது. புதிதாகக் கற்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு நாள். மூன்றாம் மாதம் கிட்டார் ஆணியில் தொங்கியது. கேட்டதற்கு, "என் விரலு சரியில்லீங்க அப்புச்சி. எனக்கு இது வராது" என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. என் பேத்தி கூடத்தைக் கூடக் குறை சொல்லவில்லை. தன்னையே குறை சொல்லிக்கொண்டாள்.

அவள் பள்ளியில் இசை கற்பிக்கும் இளைஞர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். ஆணியில் தொங்கியதை எடுத்து இரண்டு முறை மீட்டினார். முகம் சுளித்தார். "ஐயா, வீட்ல இருக்கிற பாங்க் கார்டெல்லாம் கொஞ்சம் கொடுங்க" என்றார். என் கார்டு, மருமகன் கார்டு, மகள் கார்டு என்று ஐந்தை வாங்கி அடுக்கி, கிட்டாரின் கழுத்து நடுவில் தடித்த தந்திக்குக் கீழே நுழைத்தார். ஐந்தும் நுழைந்தது, நுழைந்த பிறகும் ஆடியது. "மூணு கார்டு நுழைஞ்சாப் போதுங்க ஐயா. இதுல அமுக்கினா எனக்கே வலிக்குது. பாப்பா பாவம், என்ன பண்ணும்?" என்றார்.

ஆக, கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆடத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியது மட்டும் குழந்தை. இப்படி எத்தனை வீட்டு ஆணிகளில் எத்தனை கிட்டார்கள் தொங்குகின்றனவோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுபது கிலோ இழுவை

அந்த ஆசிரியரிடம் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து கேட்டதில், இந்தச் சரக்கின் சூட்சுமம் எனக்கு ஓரளவு பிடிபட்டது. கிட்டாரில் ஆறு தந்தி. எஃகுத் தந்தி கட்டிய சாதாரண கிட்டாரில் ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 70 கிலோ. ஒரு பெரிய ஆளின் எடை அந்தச் சின்ன மரக் கழுத்தில் இரவும் பகலும் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி ஓடும். சாவி போட்டு முடுக்கலாம், தளர்த்தலாம். மலிவுச் சரக்கில் சிலவற்றில் இந்தக் கம்பி இருக்காது. சிலவற்றில் பெயருக்கு இருக்கும். மரமும் காயாத மரமாக இருந்தால் ஆறே மாதத்தில் கழுத்து வில்லாக வளையும். தந்தி மேலே எழும்பும். பிள்ளையின் விரல் அந்த உயரத்தை அமுக்கி அமுக்கித் தோற்கும்.

வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரிலும் கழுத்தின் குறுக்கே அப்படி உலோக மெட்டுகள் உண்டு, ஃப்ரெட் என்பார்கள். வீணையில் தந்தியைத் தாங்குவதைக் குதிரை என்பது போல, கிட்டாரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மரத்துண்டும் ஒரு குதிரை. அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு செருகியிருக்கும். அதன் அடியைத் தேய்த்துக் குறைத்தால் தந்தியின் உயரம் இறங்கும். துண்டில் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால், கழுத்தின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். தெரிந்த கை இருந்தால் அரைமணி, ஒருமணி நேர வேலை. தொழிற்சாலையிலிருந்து வருகிற கிட்டார்களில் பலவும் இந்த வேலையைக் கடைக்காரர் தலையில் விட்டுத்தான் வருகின்றன. கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் அதை வாங்குகிறவர் தலையில் விடுகிறார். வாங்குகிறவர் குழந்தையின் விரலில் விடுகிறார்.

எங்கள் கிட்டாரைப் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனோம். வெள்ளைத் துண்டில் இனித் தேய்க்க இடமில்லை, கழுத்தில் கம்பியும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரூ.2,800 போனது போனதுதான்.

ஐந்து நிமிடச் சோதனை

ஆகவே கிட்டார் வாங்கப் போகிறவர்களும், விற்கிறவர்களும் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்தால் போதும். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று பாங்க் கார்டு, ஒரு டேப், ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு செல்போன், இவ்வளவுதான் கருவி.

ஒன்று, கார்டுச் சோதனை. பாங்க் கார்டின் கனம் உலகெங்கும் 0.76 மில்லிமீட்டர். எழுத்துப் புடைக்காத தட்டையான கார்டு மூன்றை அடுக்கினால் 2.3 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டின் மேல், தடித்த தந்திக்குக் கீழே மூன்று கார்டு சரியாக நுழைந்தால் நல்ல கிட்டார். நான்கு நுழைந்தால் தேய்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து நுழைந்தால், குறைத்துக் காட்டிய பிறகே பணம். குறைக்க முடியாதென்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு, டேப் சோதனை. கழுத்தின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்துகொள்ளுங்கள். பெரிய அளவு கிட்டாரில் சுமார் 32 செ.மீ. சொச்சம் வரும். அங்கிருந்து குதிரையின் வெள்ளைத் துண்டு வரையிலும் அதே அளவு வர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது முறை. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் குதிரையை இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கிட்டாரில் எந்த வித்துவானாலும் சுருதி சேர்க்க முடியாது. துணிக்கடைக்காரர் கெஜக்கோலில் கண்டுபிடித்துவிடக்கூடிய குற்றம் இது.

மூன்று, செல்போன் சோதனை. சுருதி பார்க்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தந்தியைச் சும்மா மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கி மீட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் காட்டி, முள் நடுவில் நிற்க வேண்டும்.

நான்கு, கழுத்துச் சோதனை. துப்பாக்கியைக் குறி பார்ப்பது போல, தலைப்பக்கம் கண்ணை வைத்துக் கழுத்தின் விளிம்பைப் பாருங்கள். முறுக்கு இருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். மெட்டின் முனைகள் ரம்பம் போல் கையைக் கீறினால் அது அவசர வேலை.

ஐந்து, விசிட்டிங் கார்டுச் சோதனை. குதிரைக்கும் அது ஒட்டியிருக்கும் பலகைக்கும் நடுவில் கார்டின் முனை நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இழுவை 70 கிலோ என்பதை மறக்க வேண்டாம்.

ஆறு, எண்ணிப் பார்க்கிற சோதனை. ஆறு தந்தியையும் பன்னிரண்டு மெட்டிலும் ஒவ்வொன்றாக அமுக்கி மீட்டினால் எழுபத்திரண்டு இடம். எந்த இடத்திலும் வண்டு முரல்வது போன்ற அதிர்வு வரக் கூடாது. சேகோவில் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் செல்லும், கிட்டாரில் செல்லாது. எழுபத்திரண்டையும் பார்க்க வேண்டும்.

அளவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முக்கால் அளவு கிட்டார் என்றே தனியாக உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் முழு அளவு. கிட்டாரைப் பிள்ளையின் மடியில் வைத்துப் பாருங்கள். வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றால் உடல் பெரிது என்று அர்த்தம். விரல் மென்மையான சிறுவர்களுக்கு நைலான் தந்தி கட்டிய கிட்டார் நல்லது. இழுவையில் எஃகுத் தந்தியின் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் நைலான் கிட்டாரில் எஃகுத் தந்தியை மாட்டிவிடாதீர்கள். குதிரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல

இந்த இடத்தில் சங்கத்து நண்பர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஜவ்வரிசி அளவுக்கு மீறி வெள்ளை வெளேரென்று இருந்தால் அது வேதிப்பொருள் போட்டு வெளுத்தது என்று நம் தொழிலில் அனைவருக்கும் தெரியும். நல்ல கிழங்கிலிருந்து வந்த சுத்தமான சரக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் வடக்கே விரதத்துக்கு வாங்குகிறவர்கள் வெள்ளையைக் கேட்டார்கள், வெள்ளைக்கு விலை கூடக் கொடுத்தார்கள். நானும் ஒரு காலத்தில் வெள்ளையை விற்றேன். "கேட்கிறார்கள், கொடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேன். பிற்பாடுதான் நிறுத்தினேன். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நாம் இன்னும் பத்தாண்டு முன்பே யோக்கியமாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்டாரிலும் அதே வெள்ளைதான், கறுப்பு வார்னிஷ் உருவில் வருகிறது. "ரோஸ்வுட்" என்று அட்டையில் போட்டிருக்கும். ரோஸ்வுட் என்பது நம் தோதகத்தி, ஈட்டி என்கிறோமே, அதுதான். நீலகிரியிலும் வயநாட்டிலும் விளைகிற மரம். 1833-ல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைக்காமல் போனபோது, 1969-ல் நம் நாட்டு ஈட்டிக்குத்தான் மாறியது. அதன் பிறகு உலகத்தின் உயர்ந்த கிட்டார்கள் பலவற்றின் முதுகில் இருப்பது நம் மலை மரம். 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் தளர்த்தினார்கள். இப்படிப்பட்ட மரத்தை மூவாயிரம் ரூபாய்க்கு எவராவது முழுசாகப் போட்டுக் கொடுப்பாரா? விரல் ஓடும் பலகையை ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் அது ஈட்டியல்ல, சாயம்.

அதற்காக ஒட்டுப்பலகை என்றால் மட்டம் என்றும் முடிவு கட்டக் கூடாது. கிட்டாரின் முகப்பலகை ஒற்றைப் பலகையா, ஒட்டுப்பலகையா என்று அறிய, நடுவிலுள்ள வட்டத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் ஒற்றைப் பலகை. மூன்று அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகையில் நாதம் நன்றாக இருக்கும், ஆண்டு ஏற ஏற இன்னும் கனியும், விலையும் ஏறும். ஆனால் யமஹா கம்பெனி 1966-ல் கொண்டுவந்த எஃப்ஜி 180 என்ற கிட்டார் முழுவதும் ஒட்டுப்பலகைதான். அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஒட்டுப்பலகையிலும் நேர்மையான வேலை உண்டு.

நம் ஊர் வெயிலுக்கும் இது பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் சேலம், நாமக்கல்லில் 40 டிகிரி சாதாரணம். காற்றில் ஈரம் குறைந்தால் ஒற்றைப் பலகை சுருங்கி வெடிக்கும். ஒட்டுப்பலகை தாங்கும். எதுவானாலும் தகரக் கொட்டகைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்கக் கூடாது. உறையில் போட்டு உள்ளறையில் வைக்க வேண்டும்.

பத்தாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

நடுத்தரக் குடும்பம் ஒன்று கிட்டாருக்கென்று பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தையும் கிட்டாரிலேயே போடாதீர்கள். எட்டாயிரத்துக்குள் கிட்டார். ஆயிரம் ரூபாய் புதுத் தந்திக்கும், உயரம் குறைத்துச் சரிசெய்கிற கூலிக்கும். மிச்சம் கனமான பைக்கும், சில்லறைச் சாமானுக்கும். சரிசெய்த எட்டாயிரம் ரூபாய்க் கிட்டார், சரிசெய்யாத பதினைந்தாயிரம் ரூபாய்க் கிட்டாரை விடக் குழந்தைக்கு உகந்தது என்பது என் துணிபு.

கம்பெனிப் பெயர் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கொல்கத்தாவில் இசைக்கருவி செய்வது நெடுநாள் தொழில். கிவ்சன் போன்ற பெயர்கள் நம் கடைகளுக்கு அங்கிருந்து வந்தவைதான். யமஹா 2019-ல் சென்னை அருகே ஆலை தொடங்கி, கீபோர்டும் கிட்டாரும் நம் மண்ணிலேயே செய்கிறது. பெயர்பெற்ற கம்பெனியில் ஒரு கிட்டாருக்கும் மறு கிட்டாருக்கும் வித்தியாசம் குறைவு, அவ்வளவுதான் நன்மை. கார்டுச் சோதனை அதற்கும் உண்டு.

பழைய கிட்டாரை வாங்கத் தயங்க வேண்டாம். திருச்செங்கோடு, நாமக்கல் கல்லூரி விடுதிகளில் ஆசைக்கு வாங்கி ஆறு மாதத்தில் மூலையில் வைத்த நல்ல கிட்டார்கள் எத்தனையோ. இரண்டு கோடையைத் தாண்டியும் கழுத்து நேராக நிற்கிற கிட்டார், இனியும் பெரும்பாலும் நிற்கும். ஆறு சோதனையையும் செய்து, பாதி விலைக்கு வாங்கலாம்.

பெட்டியைப் பிரிக்காத கடை

இனி நமக்கு வருகிறேன். ஆன்லைன் வியாபாரம் நம் தொழிலை அழிக்கிறது என்று கூட்டம் தவறாமல் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் கடையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிரிக்காத பெட்டியைத்தான் வீட்டு வாசலில் கூரியர் பையன் கொண்டுவந்து தருகிறாரே! அதையே நம் கடையும் தருமானால், வெயிலில் பஸ் ஏறிக் கடை வீதிக்கு வருவதற்கு வாடிக்கையாளருக்கு என்ன காரணம்? வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் கொடுத்து நாம் கடை திறந்து வைத்திருப்பது எதற்கு? பிரித்துக் காட்டி, சரிபார்த்து, குறை இருந்தால் நீக்கிக் கொடுப்பதற்குத்தான். அந்த வேலையை விட்டுவிட்டால் கடையென்பது ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

யமஹா கம்பெனி தொடங்கிய கதை நம்மில் பலருக்குத் தெரியாது. தொராகுசு யமஹா என்பவர் ஜப்பானில் ஹமமட்சு என்ற ஊரில் பழுது பார்க்கிறவர். 1887-ல் அங்குள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் ஆர்கன் பெட்டி கெட்டுப்போக, அதைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். சரிசெய்தவர், இதை நாமே செய்யலாமே என்று ஒன்றைச் செய்தார். கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து அதைக் காவடி போலத் தோளில் கட்டித் தூக்கி, ஹக்கோனே மலையைத் தாண்டி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து தோக்கியோ இசைக் கழகத்தில் கொண்டுபோய் வைத்தார். சுருதி சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே ஒரு மாதம் தங்கிச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மறுபடியும் செய்தார். இன்றைக்கு உலகமெங்கும் விற்கிற ஒரு பெயரின் முதல் மூலதனம், பழுது பார்க்கிற கை.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல், 1842-ல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கியது. வெள்ளைக்காரர் போய், சினிமா வந்து, டேப் ரிக்கார்டர் வந்து போய், ஆன்லைனும் வந்துவிட்டது. கடை இருக்கிறது. விற்பதோடு நிற்காமல் கற்பிக்கவும் செய்தார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அது தெரிந்த இடம். கருவி வாங்கியவன் வாசிக்கக் கற்றால்தான் அடுத்த கருவி வாங்குவான் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

"சொல்வது சுலபம், கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இசைக்கருவி மெதுவாக நகரும் சரக்கு. முதல் முடங்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கிட்டார் போன்றவற்றுக்கு 28 சதவீதம் போட்டு, நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். அந்த அடியும் பட்ட தொழில் இது. கடையில் பத்துக் கிட்டார் எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, வாசலில் இறங்கி செல்போனில் ஆர்டர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுக்கவில்லை.

என் யோசனை இதுதான். சரிசெய்கிற கூலியை விலைக்குள் ஒளிக்காமல் தனியாக எழுதுங்கள். கிட்டார் இவ்வளவு, சரிசெய்து சுருதி சேர்த்த கூலி ஐந்நூறு என்று பில்லில் வெளிப்படையாக இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கியவரும் நாளை அதே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவார். முகம் சுளிக்காமல் அதே ஐந்நூறை வாங்கிக்கொண்டு செய்து கொடுங்கள். அடுத்த கிட்டாருக்கு அவர் வேறு எங்கும் போக மாட்டார். தனியாக ஆள் வைக்க முடியாதென்றால், நாலு கடை சேர்ந்து ஒரு தொழிலாளியை வாரம் ஒருநாள் வரவழைக்கலாம். சங்கமே நம் கடைப் பையன்களுக்கு ஒருநாள் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். சரிசெய்யவே முடியாத சரக்கை என்ன கமிஷன் கொடுத்தாலும் கொள்முதல் செய்யாதீர்கள். அதில் கிடைக்கிற முந்நூறு ரூபாய் லாபம், ஒரு வாடிக்கையாளரையும் ஒரு குழந்தையின் ஆசையையும் சேர்த்து விற்ற பணம்.

இது கிட்டாருக்கு மட்டுமல்ல. மிக்ஸி விற்கிறவர் ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும். சைக்கிள் விற்கிறவர் பிரேக்கை இறுக்கிக் கொடுக்கட்டும். செருப்பு விற்கிறவர் இரண்டு காலிலும் போட்டு நடக்கச் சொல்லட்டும். நான் ஜவ்வரிசிச் சாக்கைப் பிரித்து, ஒரு பிடி வேக வைத்துக் காட்டத் தயார்.

முடிவாக, என் பேத்தி கதை. சென்ற ஆண்டு பொங்கல் கழித்து, அந்த ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனோம். சின்னக் கடை. ரூ.8,200-க்கு ஒட்டுப்பலகைக் கிட்டார். கடைக்காரர் தானே பெட்டியைப் பிரித்தார். கார்டு வைத்துப் பார்த்தோம், நான்கு நுழைந்தது. "ஒரு மணி நேரம் கொடுங்க, டீ சாப்பிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது மூன்று கார்டு இறுக்கமாக நின்றது. கூலி நானூறு கேட்டார், கொடுத்தேன். நான் வியாபாரத்தில் பேரம் பேசாமல் கொடுத்த பணம் மிகக் குறைவு. அதில் அதுவும் ஒன்று.

பேத்தி அங்கேயே உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வலிக்கலீங்க அப்புச்சி" என்றாள்.

அவள் பெரிய வித்துவானாகப் போவதில்லை, அதற்காக வாங்கவுமில்லை. தனக்கு வராது என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, குற்றம் உன்னுடையதல்ல என்று ஒரு கடைக்காரர் அரைமணி உழைப்பில் காட்டிவிட்டார். அந்தக் கடையின் பெயரை அவள் தன் வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

பெட்டியைப் பிரியுங்கள், நண்பர்களே. நம் தொழில் அதற்குள்தான் இருக்கிறது.